விற்ற வீட்டின் வெந்நீர்

ஜூன் 9, ஞாயிறு

குன்னூர் வீட்டை வாங்கியவர் காலையில் ஃபோன் செய்தார். பெயர் அருள்தாஸ். தூத்துக்குடிக்காரர், கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலையில் குளுகுளுவென்று வாழ வேண்டும் என்று இந்த வயதில் அவருக்கும் மனைவி ஸ்டெல்லாவுக்கும் ஓர் ஆசை. குடிபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் புகார். குளியலறை கேஸ் ஹீட்டர் பாதிக் குளியலில் அணைந்துபோகிறதாம். சோப்பு நுரையோடு நிற்க வேண்டியிருக்கிறதாம்.

சிலிண்டர் தீர்ந்திருக்கும், பாருங்கள் என்றேன். நேற்றுத்தான் மாற்றினாராம். அப்படியானால் காற்றில் அணைந்திருக்கும் என்றேன். அந்தக் குளியலறையில் காற்றா, அங்கே ஊதுபத்தி ஏற்றினால் புகைகூட அசையாமல் நிற்கிறது என்றார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, அவள் வைத்த ரசத்தில் உப்பில்லை என்று சம்பந்தி வீட்டிலிருந்து ஃபோன் வருவது போல இருக்கிறது. பத்திரம் பதிந்தாயிற்று, சாவி கொடுத்தாயிற்று, நல்லா இருங்க என்று வாழ்த்தியும் ஆயிற்று. இனி ஹீட்டர் அவர் பாடு.

மதியம் புளியில் கொட்டை எடுத்தேன். மகள் பிருந்தா வீட்டுப் பால்கனியில் வெயில் நன்றாக அடிக்கிறது. குன்னூரில் புளி காய வைப்பதே ஒரு தவம். இங்கே கோயமுத்தூரில் ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது.

ஜூன் 11, செவ்வாய்

மறுபடியும் அருள்தாஸ். இந்தத் தடவை தலைசுற்றல்.

"யம்மா, நான் சண்டைக்குப் பேசல. தண்ணி நல்லா சூடாத்தான் வருது. ஆனா குளிச்சிட்டு வெளிய வந்தா தல கிறுகிறுன்னு சுத்துது. ஸ்டெல்லாவுக்கு ஓங்கரிப்பும் வருது."

கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ஆறாயிரம் அடி ஏறி வந்து உட்கார்ந்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும். எனக்கும் கல்யாணமாகிப் போன புதிதில் சுற்றியது. சுக்குக் காபி குடியுங்கள், வெறும் வயிற்றில் குளிக்காதீர்கள் என்றேன். நன்றி சொல்லி வைத்தார்.

நான் குன்னூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். டிரங்க் கால் காலத்திலிருந்து ஊரின் குரல் முழுவதும் என் காது வழியாகத்தான் போயிருக்கிறது. குரலைக் கேட்டால் ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன். அருள்தாஸுடையது சண்டைக்காரக் குரல் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. சண்டைக்காரராக இருந்தால் நாலு வார்த்தை கொடுத்துவிட்டு நிம்மதியாக வைத்துவிடலாம்.

ஜூன் 14, வெள்ளி

ஓசூரிலிருந்து பிருந்தாவுக்கு ஃபோன். நான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டேன்.

ஓசூர் என்றால் என் மகன். பெயரை எழுதித்தான் ஆக வேண்டுமா என்ன. அக்காவோடு அரை மணி நேரம் பேசுகிறான். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்கிறானாம். அதை என்னிடமே கேட்டால் நாக்கில் சுளுக்கு விழுந்துவிடும் போல. நானும் கேட்கப் போவதில்லை.

துணி இன்னும் காயவே இல்லை. ஈரத்தோடு எடுத்து வந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

ஹீட்டர் பழசு, ஓட்டை ஒடிசலைத் தலையில் கட்டிவிட்டோம் என்று அருள்தாஸுக்கு நினைப்பு வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்து விவரமாகச் சொன்னேன். அது சென்ற வருஷம் ஆனி மாதம்தான் மாட்டியது. மழைக்காலத்தில் குன்னூரில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று மின்சார வாரியத்துக்கே தெரியாது. அதனால் கரண்ட் ஹீட்டரைக் கழற்றிவிட்டு என் வீட்டுக்காரர் கேஸ் ஹீட்டர் போட்டார். புதுசு. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட நாங்கள் முழுதாகக் கிழிக்கவில்லை.

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அந்த ஹீட்டரில் அதிகம் குளிக்கக்கூட இல்லை. ஆனியில் மாட்டினார், ஆடியில் அவர் போய்விட்டார். போனது அவிட்ட நட்சத்திரத்தில். அவிட்டம் என்றால் அடைப்பு. உயிர் போன இடத்தை ஆறு மாதம் பூட்டி வைத்து, வாசலில் தினமும் விளக்கு வைக்க வேண்டும். என் நாத்தனார் நின்று பூட்டச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனார். ஆறு மாதம் நான் சமையலறையில் வெந்நீர் போட்டு, பின்கட்டில் இருந்த வேலைக்காரர் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குளித்தேன். சாயங்காலமானால் அந்தக் கதவுக்கு முன்னால் ஓர் அகல். தை கடைசியில் ஐயரை அழைத்துப் பூஜை செய்து திறந்தோம். திறந்த கையோடு சாமான்களைக் கட்டி இங்கே வந்துவிட்டேன்.

ஆகையால் அது புது ஹீட்டர்தான். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அந்தக் குளியலறையை அவர் எவ்வளவு ஆசையாகச் சீர்படுத்தினார். மேலே இருந்த ஜன்னல் வழியாகக் குரங்கு கையை விட்டு சோப்பை எடுத்துவிடும். ஒரு நாள் அவருடைய ஷேவிங் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஓட்டில் உட்கார்ந்து தன் முகத்தைப் பார்த்தது. இன்னொரு நாள் நான் குளிக்கும்போது தலையை நீட்டியது. நான் போட்ட சத்தத்தில் மனிதர் அன்றைக்கே பிளைவுட் பலகை வாங்கி வந்து, அளவாக அறுத்து, திருகு போட்டு இறுக்கிக் கொடுத்துவிட்டார். எழுபது வயதில் ஏணியில் ஏறி நின்று செய்தார். அதற்குப் பிறகு குரங்கு இல்லை, குளிரும் இல்லை. குளியலறை கதகதவென்று இருக்கும் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

ஜூன் 20, வியாழன்

ஹீட்டர் விற்ற கடையிலிருந்து ஆளை வரவழைத்துப் பார்த்தாராம் அருள்தாஸ். கழற்றி, துடைத்து, எரியவிட்டுப் பார்த்து, ஹீட்டரில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனானாம். நான்தான் அப்போதே சொன்னேனே.

மாப்பிள்ளை, இனி அவர் ஃபோனை எடுக்க வேண்டாம் அத்தை என்கிறார். உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன் என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். அப்படியானால் சரி.

கீரை ஆய்ந்தேன். பாதி புழு.

ஜூன் 23, ஞாயிறு

அடுத்த மாதம் அவருக்கு வருஷத் திதி. ஆடி தேய்பிறையில் வருகிறது. பேரூர் ஆற்றங்கரையில் வைத்துக் கொடுக்கலாம் என்று பிருந்தா சொன்னாள். கொடுக்க மகன் வேண்டுமே என்றேன். கூப்பிட்டால் வருவான்மா என்றாள். அப்பனுக்குத் திதி என்று மகனை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்களா. தானாக அல்லவா வர வேண்டும். மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்து, பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டுவிட்டால் போகிறது என்று சொல்லிவிட்டேன்.

பிருந்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்விட்டாள்.

அவர் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று இன்று முழுக்க நினைவு. நல்ல சிவப்பு. எழுபது வயது மனிதருக்குக் கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் இருந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். புண்ணியாத்மா, குளித்துச் சுத்தமாகிக் களையோடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அந்த முகம்தான்.

ஜூன் 26, புதன்

மாப்பிள்ளை பேச்சைக் கேட்காமல் ஃபோனை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

அருள்தாஸ் இன்றைக்கு ஹீட்டரைப் பற்றிப் பேசவில்லை. இந்தக் குளியலறையில் முன்னால் யாருக்காவது மயக்கம், தலைசுற்றல் என்று ஏதாவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு, ஐயா எங்கே வைத்துத் தவறினார் என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் என்றேன்.

இதில் பொய் என்ன இருக்கிறது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத்தானே ஓடினோம். அங்கேதான் டாக்டர் நாடியைப் பார்த்து, மாரடைப்பு, முடிந்துவிட்டது என்றார். அவர் சொல்லும் வரை முடியவில்லை என்றுதானே அர்த்தம். வீட்டில் ஒரு சாவு, அதுவும் குளியலறையில், அதுவும் அவிட்டத்தில் என்று தெரிந்தால் எந்த மனிதன் வீடு வாங்குவான். அருள்தாஸ் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், நட்சத்திரம் பார்க்க மாட்டார். ஆனாலும் சாவு யாருக்கும் சாவுதானே. விற்கும்போது சொல்ல வேண்டாம் என்று நானும் பிருந்தாவும் பேசி முடிவு செய்ததுதான். இப்போது புதிதாக என்ன.

தலை சுற்றுகிறது என்று என் வீட்டுக்காரரும்தான் இரண்டு மூன்று தடவை சொன்னார். பிபி மாத்திரை மாற்றிக் கொடுத்திருந்தார்கள், அதனால். மனிதருக்கு வயது எழுபது.

ஜூன் 30, ஞாயிறு

அருள்தாஸ் கத்திவிட்டார். குரலைப் பற்றி நான் எழுதியது தப்பு. ஹீட்டரில் குறை இல்லை, எங்களுக்கும் வியாதி இல்லை என்று டாக்டர் சொல்கிறார், அப்படியென்றால் வீட்டில்தான் என்னவோ இருக்கிறது, நீங்கள் எதையோ மறைத்து விற்றுவிட்டீர்கள் என்று ஒரே சத்தம். வக்கீலிடம் போவாராம். தாராளமாகப் போங்கள் என்றேன். ஃபோனைப் பட்டென்று வைத்தேன். கோபத்தில்தான்.

குளியலறையைப் பூட்டியது மாதிரி எல்லோருடைய வாயையும் பூட்ட முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஜூலை 3, புதன்

ஃபோன் வரவில்லை. நல்லது. எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

ஸ்டெல்லா குளியலறையில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். பிழைப்பாளா என்று இன்னும் சொல்லவில்லை.

அருள்தாஸ்தான் ஃபோன் செய்தார். கத்தவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கதவ ஒடச்சுத்தான் தூக்கினேன்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நெலக்கட்டைல தாப்பா இருக்க எடத்துல மரத்த வெட்டி ஒட்டுப் போட்டிருக்கு. பெயிண்ட் அடிச்சிருந்ததுல இம்புட்டு நாளு தெரியல. எனக்கு முன்னால அந்தக் கதவ யாரு ஒடச்சது?"

நான் வைத்துவிட்டேன்.

உடைத்தது என் மகன், திலீபன்.

ஜூலை 6, சனி

பிருந்தா சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் எடுக்க ஸ்கூலுக்குப் போன பிறகு, மாப்பிள்ளையிடமும் சொல்லாமல் குன்னூர் பஸ் ஏறினேன். மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் ஜன்னலோரம் இருந்த ஒரு சிறுமி வாந்தி எடுத்தாள். அவள் அம்மாவிடம் எலுமிச்சம்பழம் கொடுத்தேன். கையோடு எதற்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் ஆப்பிள் அல்லவா வாங்குவாள்.

ஸ்டெல்லாவுக்கு நினைவு வந்துவிட்டது. காலையில்தான் கண் திறந்தாளாம். மூக்கில் குழாய். என்னைப் பார்த்து யார் என்று தெரியாமல் சிரித்தாள். சின்ன உருவம். ரிஜிஸ்டர் ஆபீஸில் பார்த்தபோது கோழிக்குஞ்சு நிறத்தில் ஸ்வெட்டர் போட்டு வந்து, குளிருக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னவள்.

டாக்டர் இளம் வயதுப் பெண். நான் அருள்தாஸின் அக்கா என்று நினைத்துக்கொண்டு என்னிடமும் விளக்கமாகச் சொன்னாள். கேஸ் எரிய நல்ல காற்று வேண்டும். அடைத்த அறையில் எரிந்தால் ஒரு விஷவாயு வருகிறது. அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. மூச்சில் போய் ரத்தத்தில் கலந்து நல்ல காற்றுக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகிறது. முதலில் தலைசுற்றல், குமட்டல். அணைந்து அணைந்து எரிவதும் காற்றுப் போதவில்லை என்பதற்கு அறிகுறிதானாம். பிறகு மயக்கம். வலி தெரியாது, கூப்பிடவும் தோன்றாது. வயதானவர்கள் என்றால் மாரடைப்பு என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், மலையில் இது நடப்பதுதான் என்றாள். சில பேருக்கு முகம்கூட நன்றாகச் சிவந்து, தூங்குவது போல இருக்கும், அதனால் வீட்டில் இருப்பவர்களுக்குச் சந்தேகமே வராது என்றாள்.

நான் பக்கத்தில் இருந்த கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கட்டிலில் இருந்தவர், உட்காருங்கம்மா என்றார். உட்கார்ந்தேன்.

அருள்தாஸிடம் வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் எங்கே விழுந்தார், எப்போது விழுந்தார், அடைப்பு என்றால் என்ன, ஏன் ஆறு மாதம் பூட்டினோம், ஏன் சொல்லவில்லை. ஒன்றையும் விடவில்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அன்னைக்கு நான் ஒங்ககிட்ட கேட்டப்பவே சொல்லியிருந்தா, நேத்து நான் கதவ ஒடச்சிருக்க வேண்டாம்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, ஸ்டெல்லாவுக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டார். எதற்கு அழைத்தார் என்று தெரியவில்லை. நானும் எதற்குப் போனேன் என்று தெரியவில்லை.

வீட்டில் மாடப்பிறையில் மாதா படம். மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தது. குளியலறைக் கதவு சாய்ந்து கிடந்தது. உள்ளே போய் நின்றேன். பூஜை அன்றுகூட நான் உள்ளே போகவில்லை, வாசலோடு நின்றுவிட்டேன். அண்ணாந்து பார்த்தேன். பலகை இருந்தது. வெள்ளைப் பெயிண்ட் அடித்து, ஓரங்களில் துளி இடைவெளி இல்லாமல் சிமெண்ட் பூசி, ஒரு மூலைக்கு ஒரு திருகு. எவ்வளவு சுத்தமான வேலை.

இதை அடைத்தது யார் என்று அருள்தாஸ் கேட்டார். அவர்தான் என்றேன். அவர்தான் அடைத்தார். அவர் கையால்தான் அடைத்தார்.

அருள்தாஸ் ஏணி கொண்டு வந்து திருகுகளைக் கழற்றினார். சிமெண்டைக் கொத்த வேண்டியிருந்தது. பலகை கையோடு வந்தபோது வெளியிலிருந்து குளிர்ந்த காற்று ஒரே அடியாக உள்ளே வந்தது. யூகலிப்டஸ் வாசனை. என் முகத்தில் பட்டது. நான் அங்கேயே, ஈரத் தரையில், யார் வீடு என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 7, ஞாயிறு

தோசைக்கு அரைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

பிருந்தாவிடம் சொல்லிவிட்டேன். அவள் கேட்டதும் சமையல் மேடையில் சாய்ந்து நின்றுவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே அணைக்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

இன்றைக்கு அன்று நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். இதுவரை எங்கேயும் எழுதவில்லை.

திலீபன் அன்று காலை ஓசூரிலிருந்து வந்தான். வந்தது ஒரே காரணத்துக்கு. வீட்டை விற்றுவிட்டுக் கீழே வந்துவிடுங்கள், இந்த வயதில் இந்தக் குளிரில் தனியாக எதற்கு இருக்கிறீர்கள் என்று மூன்றாவது முறையாகக் கேட்க வந்தான். அவர் முடியாது என்றார். பேச்சு வளர்ந்தது. இரண்டு பேருக்கும் ஒரே முன்கோபம். கடைசியில் அவன், "அப்ப இந்த வீட்டுலயே கெடந்து சாவுங்க," என்று சொல்லிவிட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டான். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

நெடுநேரம் வரவில்லை. கோபத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறார், ஆறட்டும் என்று நான் விட்டுவிட்டேன். பிறகு தட்டினேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன். அவன் தோளால் இடித்துத்தான் கதவை உடைத்தான்.

மாரடைப்பு என்று டாக்டர் சொன்னதும், அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும், "நான்தாம்மா. நான்தான் கொன்னேன்," என்றான். யாரும் அவனை அப்படிச் சொல்லவில்லை. அவனேதான் சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

அவன் சொன்னதை நானும் நம்பினேன். ஆகையால் பதில் சொல்லவில்லை.

காரியங்களை எல்லாம் முறையாகச் செய்தான். பதினாறாம் நாள் முடிந்து போனவன்தான். அவன் கோபித்துக்கொண்டு போனதாக நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் அந்தக் கதவுக்கு முன்னால் விளக்கு வைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் ஏன் செத்தார் என்ற காரணம் ஓரங்களில் சிமெண்ட் பூசிப் பத்திரமாக இருந்தது. இந்தப் பக்கம் நான் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். அடைப்பு இல்லாமல், மறுநாளே யாராவது அங்கே குளித்திருந்தால் அன்றைக்கே தலை சுற்றியிருக்கும், அன்றைக்கே தெரிந்திருக்கும். அல்லது இன்னொரு உயிர் போயிருக்கும். எதை நினைத்து நிம்மதி அடைவது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பிருந்தா தன் ஃபோனில் அவன் நம்பரை எடுத்து, நான் பேசட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு ஒரு நம்பரை அழுத்தத் தெரியாதா.

அவன் எடுத்ததும், "அக்கா," என்றான். "அம்மாடா," என்றேன்.

நான் நிறுத்தாமல் சொன்னேன். ஹீட்டர், பலகை, ஸ்டெல்லா, டாக்டர் சொன்னது, முகம் ஏன் சிவந்திருந்தது என்பது. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயம். சொல்லி முடித்தேன். லைன் இருக்கிறதா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"அப்ப நான் இல்லையாம்மா?" என்றான்.

முப்பத்தெட்டு வயது ஆள். குரல் பள்ளிக்கூடம் போகும் பையனுடையதாக இருந்தது. கண்ணாடியை உடைத்தது நீயா என்று கேட்டபோது, பயந்துகொண்டு கதவுக்குப் பின்னால் நின்ற வயதுக் குரல். இத்தனை குரல் கேட்ட எனக்கு, அவன் என்னோடு கோபமாக இல்லை, எனக்குப் பயந்துகொண்டு இருந்தான் என்பது ஒரு வருஷமாகத் தெரியவில்லை.

"நீ இல்லடா. நீ இல்லவே இல்ல," என்றேன்.

திதிக்கு வா என்றும் சொன்னேன். அதைச் சொன்னேனா, நினைத்தேனா என்று சந்தேகமாக இருந்ததால், பிருந்தாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

ஸ்டெல்லா பேசினாள். வீட்டுக்கு வந்துவிட்டாளாம். ஹீட்டரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டிக் குழாய் மட்டும் உள்ளே விட்டிருக்கிறார்களாம். ஜன்னலுக்குக் கம்பி வலை போட்டாயிற்று. வலைக்கு வெளியே ஒரு குரங்கு உட்கார்ந்து தான் குளிப்பதையே பார்க்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். தன் மகன் கையில் கொடுத்துத் தூத்துக்குடி மக்ரூன் அனுப்புவாளாம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பேச்சை மக்ரூனுக்கே திருப்பிவிட்டாள். அருள்தாஸ் ஃபோனுக்கு வரவில்லை. அதுவும் நியாயம்தான்.

ஜூலை 22, திங்கள்

இன்று திதி. திலீபன் நேற்றே வந்துவிட்டான். இளைத்துப்போயிருக்கிறான். வந்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றேன். வந்தான். சாப்பிட்டான். மூன்று தடவை சாதம் போட்டேன், மூன்று தடவையும் வேண்டாம் என்று சொல்லிச் சாப்பிட்டான்.

பேரூருக்குக் கிளம்பும் முன் தலைக்குக் குளிக்க வேண்டும். பிருந்தா வீட்டில் இருப்பது கரண்ட் ஹீட்டர்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நான் அடுப்பில் அண்டா வைத்து வெந்நீர் போட்டேன். மாப்பிள்ளை தூக்கிக் கொண்டுபோய் வைத்துக் கொடுத்தார். ஜன்னலைத் திறந்து வைத்தேன். தாழ்ப்பாள் போடாதே என்றேன். சரி என்றான். கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"பேசிக்கிட்டே குளிடா," என்றேன்.

"என்னம்மா பேசறது?"

"எதையாவது பேசு."

செம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஓசூரில் தக்காளி என்ன விலை என்று சொன்னான். அவன் வீட்டுக்கு எதிரே பாலம் கட்டித் தோண்டிப் போட்டிருப்பதைச் சொன்னான். மாடி வீட்டு நாய் தன்னைக் கண்டால் மட்டும் குரைப்பதைச் சொன்னான். சோப்பு எங்கே என்று கேட்டான். ஜன்னல் விளிம்பில் இருக்கிறது என்றேன். அப்பாவின் சோப்பைக் குரங்கு எடுத்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பாதியில் நிறுத்தினான்.

"நிறுத்தாத," என்றேன்.

மறுபடியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பேச ஆரம்பித்தான். வெளியே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. பிருந்தா நேரமாகிறது என்றாள். இருக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.